காக்கைத்தீவு ஆய்வுகூடமும் எங்கள் கறிச்சட்டியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டபோது நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எங்கள் வகுப்பில் உயிரியல் படித்து வைத்தியத்துறைக்குப் போன நாங்கள் நால்வரும் கூடிப் பேசினோம். நால்வரும் நான்கு வெவ்வேறு இடங்களில் வேலை செய்கிறோம். ஆனால் நால்வரிடமும் நோயாளிகள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "டொக்டர், மீன் சாப்பிடலாமோ?" பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கேட்கிறார்கள். பிள்ளை பெற்றபின் கேட்கிறார்கள். ஒரு நாள் மீன் சாப்பிட்டு உடம்பு தடித்துவிட்டால் அதன்பின் வாழ்நாள் முழுவதும் கேட்கிறார்கள். 2021இல் கப்பல் எரிந்தபோது ஊரே கேட்டது. இதற்கான விடையில் பெரும் பங்கு வைத்தியப் புத்தகத்தில் இல்லை, கடல் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. ஆகவே நால்வரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம்.

அந்த ஆய்வுகூடம் எங்கேயோ தூரத்தில் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து மட்டக்குளிப் பக்கம் போனால் களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே காக்கைத்தீவு வரும். கொழும்பு 15. அங்கேதான் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. எல்லோரும் சுருக்கமாக 'நாரா' என்பார்கள். கடல் உயிரியல் வளம், சமுத்திரவியல், நீர்ச்சூழல், பிடித்த மீனைப் பழுதாகாமல் காக்கும் தொழில்நுட்பம் எனப் பல பிரிவுகள் அங்கு இயங்குகின்றன. கற்பிட்டியிலும் றேகவையிலும் கிளை நிலையங்கள் உண்டு. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டோம். காக்கைத்தீவுக் கடற்கரை தெரியும், முகத்துவாரத்து மீன் தெரியும், நாரா என்றால் "அது என்ன கந்தோர்?" என்றார்கள்.

இந்த நாட்டில் கடலை ஆராய்வது புதிய விடயமல்ல. 1902இல் லிவர்பூலிலிருந்து ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் மன்னார் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராய வந்தார். கூட வந்த ஹோணல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். சிப்பி ஏன் சில வருடங்களில் இல்லாமல் போகிறது என்பதே அன்றைய அரசாங்கத்தின் கவலை, ஏனெனில் முத்து என்றால் வருமானம். எமது சங்கம் தோன்றிய காலத்தை ஒட்டி, 1920 முதல் 1923 வரை, 'லில்லா' என்ற இழுவைப்படகு எங்கள் கடலில் எங்கே எவ்வளவு மீன் இருக்கிறது என்று வலை இழுத்துப் பார்த்தது. புவியியல் பாடத்தில் பேதுருக் கடலடித்தள மேடை, வாட்ஜ் கடலடித்தள மேடை என்று வரைபடத்தில் குறித்தது மூத்த அக்காமாருக்கு நினைவிருக்கும். அந்த மேடைகளின் மீன்வளம் பற்றிய அறிவு அப்படியான பயணங்களில் சேர்ந்தது. பிறகு நோர்வேயின் 'டொக்டர் ஃப்ரிட்யோஃப் நான்சன்' என்ற ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை எமது கடலைச் சுற்றி அளந்தது. அதே பெயரில் கட்டப்பட்ட புதிய கப்பல் 2018 ஜூன், ஜூலை மாதங்களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பின் ஏற்பாட்டில் மீண்டும் வந்தது. நாராவின் விஞ்ஞானிகள் அதில் ஏறிப் போனார்கள். 40 வருட இடைவெளியில் ஒரே கடலை இரண்டு தரம் அளந்ததால் ஒப்பிட முடிந்தது. கரையோரச் சிறுமீன் வளம் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதே வந்த செய்தி. சந்தையில் நெத்தலி விலை கேட்கும்போது நாம் விடும் பெருமூச்சுக்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

சரி, இனிக் கறிச்சட்டிக்கு வருவோம்.

நாரா ஆய்வாளர்கள் சில காலமாகத் தொடர்ந்து செய்துவரும் வேலைகளில் ஒன்று, மீன் தசையில் பாதரசம் அளப்பது. ஏற்றுமதிக்குப் பிடிபடும் வாள்மீன், கெலவல்லா போன்ற பெரிய மீன்களை எடுத்து, ஒரு கிலோகிராம் தசையில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் என்று கணக்கிட்டு, சர்வதேச ஆய்வேடுகளில் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த வகைப் பெரிய மீன்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருந்த வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். வாள்மீன்களில் ஒரு பகுதி அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. மீன் பெரிதாகப் பெரிதாகப் பாதரசமும் கூடியிருந்தது.

ஏன் அப்படி? நிலக்கரி எரிப்பதாலும் தங்கம் எடுக்கும் சுரங்கங்களாலும் எரிமலைகளாலும் பாதரசம் காற்றில் கலந்து கடலில் இறங்குகிறது. கடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதை நுண்ணிய மிதவை உயிர்கள் உள்ளெடுக்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கிறது, சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. உள்ளே போனது இலகுவில் வெளியே வராது. பல வருடங்கள் உயிர் வாழ்ந்து, ஆயிரக்கணக்கான மீன்களைத் தின்ற ஒரு பெரிய சுறாவின் தசையில் அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து நிற்கும்.

மெதைல் பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். அதிலும் வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளை தாயின் மூளையைவிட மிகவும் மென்மையானது. ஜப்பானில் மினமாட்டா என்ற கரையோர ஊரில் தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீனுக்குள் போய் மனிதருக்குள் வந்தது. 1956இல் அந்த நோய் அடையாளம் காணப்பட்டது. தாய்க்குப் பெரிய அறிகுறி இல்லாமல் பிறந்த பிள்ளை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. எமது கடல் மினமாட்டா அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் எங்களைத் தேடி வருவார்.

இங்கேதான் சுறா வருகிறது. எங்கள் சமூகத்தில் பிள்ளைப்பெற்ற தாய்க்குச் சுறா கொடுப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பால்சுறாவை அவித்து உதிர்த்து, உள்ளி தட்டிப்போட்டு, வறையாக வறுத்து, சரக்குக் கறியோடு கொடுப்பார்கள். பால் ஊறும் என்பார்கள். அம்மம்மா சமைத்த அந்த வறையின் வாசம் இன்னும் எங்களுக்குள் இருக்கிறது. அதைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. அம்மம்மா வாங்கியது என்ன என்று பாருங்கள். முகத்துவாரத்திலோ நீர்கொழும்பிலோ கரையோரத்தில் பிடிபட்ட, முழு மீனாகச் சந்தைக்கு வந்த, கைக்குள் அடங்கும் சின்னச் சுறா. பால்சுறா என்ற இனமே பெரிதாக வளர்வதில்லை, ஒரு மீற்றர் அளவில் நின்றுவிடும். அவர் வாலையும் செவுளையும் பார்த்து வாங்கினார்.

இன்றைக்கு ஸ்கார்பரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ உறைந்த பொதியில் 'சுறா' என்று எழுதி விற்கும் துண்டு எந்தச் சுறா? எத்தனை மீற்றர் நீளம்? துண்டைப் பார்த்தால் தெரியாது. வெள்ளவத்தையில்கூட இப்போது தோலுரித்த துண்டுகளாகத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பெயர் பழையது, வழக்கம் பழையது, சட்டிக்குள் போகும் மீன் வேறு. இதுதான் எங்கள் கவலை. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை கர்ப்பிணிகளும் கர்ப்பமாக விரும்புபவர்களும் சுறா, வாள்மீன், மார்லின் ஆகியவற்றை உண்ணவே வேண்டாம் என்கிறது. கனடாவின் சுகாதாரத் திணைக்களம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இத்தகைய பெரிய மீன்களை மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் உண்ண வேண்டாம் என்கிறது. அங்கேயுள்ள மருத்துவிச்சி இந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போக, இங்கிருந்து போன அம்மா சுறா வறையோடு வர, நடுவில் அகப்பட்ட பிள்ளை எங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். இது கற்பனையல்ல, எங்கள் நால்வருக்கும் நடந்திருக்கிறது.

கணக்கு ஒன்று சொல்கிறோம். உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, ஒருவரின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெதைல் பாதரசம்வரை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம் உள்ள பெரிய மீனின் 100 கிராம் துண்டு ஒன்றில் 100 மைக்ரோகிராம் இருக்கும். ஒரே துண்டில் ஒரு வாரக் கணக்கு முடிந்துவிட்டது. கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் உள்ள சிறுமீன் என்று வைத்துக்கொண்டால் அதே அளவை எட்ட 5 கிலோ மீன் சாப்பிட வேண்டும். எந்தப் பிள்ளைத்தாய்ச்சியாலும் அது முடியாது.

அதற்காக மீனையே விட்டுவிடுவது தவறு. எங்கள் இந்து சமுத்திரத்திலேயே சீஷெல்ஸ் தீவுகளில் பல்லாண்டுகளாக ஓர் ஆய்வு நடக்கிறது. அங்கே கர்ப்பிணிகள் சராசரியாக வாரத்துக்கு 12 வேளை கடல்மீன் சாப்பிட்டவர்கள். பிள்ளைகளைப் பல வயதுகளில் பரிசோதித்தும் மீனால் தொடர்ச்சியான தீங்கு எதையும் அவர்கள் காணவில்லை. வட அத்திலாந்திக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் நடந்த ஆய்வில் பாதிப்புக் காணப்பட்டது. 7 வயதுப் பிள்ளைகளின் மொழித்திறனிலும் ஞாபகத்திலும் கவனத்திலும் சிறு குறைவுகள் தெரிந்தன. அங்கே பாதரசம் பெரும்பாலும் வந்தது திமிங்கில இனத்தின் இறைச்சியிலிருந்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மீன், எத்தனை பெரியது என்பதுதான் கேள்வி. மீனிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு பிள்ளையின் மூளைக்கு வேண்டும். சூடை, கும்பளா, நெத்தலி போன்ற சிறுமீன்கள் அதைத் தருகின்றன. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். பால் ஊறுவதற்குப் பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதும், தாய்க்கு வயிறாரச் சாப்பாடும், கொஞ்சம் நித்திரையும், பக்கத்தில் ஆறுதலாக ஒரு ஆளும் வேண்டும். வறைதான் வேண்டுமென்றால் முழு மீனாக வாங்கிய சின்னச் சுறாவில் எப்போதாவது செய்யுங்கள். துண்டு வேண்டாம். நீண்ட வாலுடைய திரெஷர் சுறா இனங்களைப் பிடிப்பதும் கரைக்குக் கொண்டுவருவதும் 2012 முதல் இங்கே சட்டப்படி தடை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அடுத்தது 'மீன் ஒத்துக்கொள்ளாது' என்ற விடயம்.

மத்தியானம் சூரைமீன் கறியோடு சோறு சாப்பிட்ட ஒருவர், அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பு தடித்து வருவார். வெளிநோயாளர் பிரிவில் ஊசி போட்டுச் சரியாக்கி, 'மீன் ஒவ்வாமை' என்று துண்டில் எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு சொல் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டையே மாற்றிவிடும். ஒரு தாய் எங்களிடம் வந்தபோது பதினொரு வருடமாக வீட்டில் மீன் சமைத்ததில்லை என்றார். தனக்கு ஒத்துக்கொள்ளாதது பிள்ளைகளுக்கும் ஒத்துக்கொள்ளாது என்று அவர்களுக்கும் கொடுக்கவில்லை. விசாரித்தால், அன்று அதே கறியைச் சாப்பிட்ட அவருடைய மாமிக்கும் மச்சாளுக்கும் அதேபோல நடந்திருக்கிறது. ஒரே நாளில் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வருமா? அது ஒவ்வாமை அல்ல. ஹிஸ்டமின் நச்சு.

சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்தபின் போதிய ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்ரீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். எமது உடம்பே ஒவ்வாமையின்போது வெளிவிடும் அதே பொருள், வெளியிலிருந்து நேராக வயிற்றுக்குள் போகிறது. ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், ரின்னில் அடைத்தாலும் அழியாது. 'நல்லாக் கொதிக்க வைச்சால் சரி' என்பது இதற்குப் பொருந்தாது. சில நேரம் நாக்கில் மிளகு பட்டதுபோல் ஒரு காரம் தெரியும். பல நேரம் மணமோ சுவையோ மாறாது.

இதிலே எமது நாட்டு வைத்தியர்கள் உலகத்துக்குச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. கொழும்பில் காசநோய் வைத்தியராக இருந்த சி. ஜி. ஊரகொடவும் பேராசிரியர் எஸ். ஆர். கோட்டேகொடவும் 1977இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகள் ஹிஸ்டமின் கூடிய மீனைச் சாப்பிட்டவுடன் தலையிடி, சிவப்பு, படபடப்பு என்று துன்பப்பட்டார்கள். குடலில் ஹிஸ்டமினை உடைக்கும் நொதியத்தை அந்த மாத்திரை தடுப்பதே காரணம். ஆகவே மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமின்கூட இவர்களை வீழ்த்தும். இன்றைக்கும் நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இந்த மருந்தைத் தொடங்கும்போது பலயா, கெலவல்லா வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கொழும்பு மீனும் கொழும்பு நோயாளிகளும் கற்பித்த பாடம் இன்று உலகெங்கும் மருந்தியல் புத்தகங்களில் இருக்கிறது.

காக்கைத்தீவில் இப்போது இந்தப் பக்கமும் வேலை நடக்கிறது. பிடித்த மீனைப் பேணும் தொழில்நுட்பப் பிரிவில் படகிலும் துறைமுகத்திலும் சந்தையிலும் மீன் எப்படிக் கையாளப்படுகிறது, எவ்வளவு ஹிஸ்டமின் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். எங்கள் பலநாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்பவை. முதல் வாரத்தில் பிடித்த மீன் அடியிலும் கடைசி நாளில் பிடித்த மீன் மேலேயும் வரும். இதில் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. ஐரோப்பாவுக்குப் போகும் சூரை இன மீனில் ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள் எடுத்துப் பார்க்க வேண்டும். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, எந்த ஒன்றும் 200ஐத் தாண்டக்கூடாது. ஜம்பட்டா வீதியில் நாம் வாங்கும் மீனுக்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. எங்கள் மூக்கும் மீன்காரரின் மனச்சாட்சியும்தான் சான்றிதழ். ஆகவே சூரை இனத்தை வாங்கினால் நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிரூட்டியில் வையுங்கள். கந்தோருக்கு அருகில் காலையில் வாங்கி, மேசைக்குக் கீழே வைத்திருந்து, மாலை பஸ்ஸில் கொண்டுபோவது வேண்டாம்.

ஒவ்வாமை உண்மையாகவே உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு முறையும், சிறு துண்டிலும் வரும், மூச்சு அடைக்கலாம். நீங்களாக வீட்டில் சாப்பிட்டுப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். அன்று கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் பாதி நோயறிதல். நாங்கள் சொன்ன தாய் முறையான பரிசோதனைக்குப் பிறகு மீண்டும் மீன் சமைக்கத் தொடங்கினார். முதலில் சமைத்தது நெத்தலிப் பொரியலாம்.

இனி 2021. மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள். பருப்பளவான அந்த வெள்ளை மணிகள் கரையெங்கும் பனிபோல் ஒதுங்கின. உலகில் பதிவான மிகப் பெரிய பிளாஸ்ரிக் மணிக் கசிவு இது என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் எழுதினார்கள். வாய்க்குள் மணிகள் அடைத்துச் செத்துக்கிடந்த மீனின் படம், வெள்ளவத்தைக் கரையில் எடுத்தது, உலகப் பத்திரிகைகளில் வந்தது. கொவிட் காலம், ஊரடங்கு. சுமார் 80 கிலோமீற்றர் கரையோரத்தில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. மற்றக் கடலில் பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. அதற்கு முந்திய வருடம் பேலியகொடை மீன்சந்தையில் கொவிட் பரவியபோது முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் ஊடகங்கள் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அது அச்சத்தைப் போக்கியதோ தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பு.

அச்சத்துக்கு மருந்து அளவிடுதல். நாராவின் ஆட்கள் கடல்நீர், அடிமணல், மீன் என்று மாதிரி எடுத்து எடுத்துப் பரிசோதித்தார்கள். வேறு ஆய்வாளர்களும் இறங்கினார்கள். நீலத்திமிங்கில ஆய்வால் அறியப்பட்ட ஆஷா டி வொஸ் (எங்கள் கல்லூரி மாணவி அல்ல, அந்தப் பெருமை கொழும்பின் வேறொரு பெண்கள் கல்லூரிக்கு) அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, கரையில் ஒதுங்கியவற்றை ஆராய்ந்தார். எரியாத மணிகளை மட்டும் எல்லோரும் பொறுக்கிக்கொண்டிருக்க, எரிந்து உருகிக் கறுத்த துண்டுகளின் இரசாயனக் கலவை அவற்றைவிடக் குறைந்தது மூன்று மடங்கு சிக்கலானது என்று அவர்கள் காட்டினார்கள். கறுப்புத் துண்டு கல்லைப்போல் இருப்பதால் துப்புரவு செய்பவர் கண்ணில் படாது. பிள்ளை சிப்பி பொறுக்கும்போது கையில் படும்.

இந்த விபத்திலிருந்து வைத்தியர்களாகிய எங்களுக்கு உடனே விளங்கிய ஒன்று உண்டு. நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் ஈ.சி.ஜி. எடுப்போம். அதில் ஒரு மாற்றம் தெரிந்தால் முதலில் கேட்பது, "பழைய ஈ.சி.ஜி. இருக்கிறதா?" பழையது இருந்தால் இது இன்று வந்ததா, பத்து வருடமாக இருப்பதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். கடலுக்கும் அப்படித்தான். கப்பல் எரிந்தபின் நீரில் ஈயம் இவ்வளவு என்றால், கப்பல்காரர் சார்பில் கேட்பார்கள், முன்பு எவ்வளவு இருந்தது, களனி கங்கை கொண்டுவந்தது எவ்வளவு என்று. அதற்குப் பதில் சொல்ல, ஒன்றும் நடக்காத வருடங்களில், யாரும் கவனிக்காத நாட்களில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நீர் எடுத்து எழுதிவைத்திருக்க வேண்டும். பரபரப்பில்லாத, பரிசு கிடைக்காத வேலை. வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் இத்தகைய வேலைதான். 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் இந்த வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்ததாகத் தீர்ப்பில் இருக்கிறது. இந்த எண்கள் தாமாக நீதிமன்றத்துக்கு நடந்து வரவில்லை. அழுகிய ஆமையைக் கரையில் குனிந்து எண்ணி எழுதிய ஒருவர் இருந்தார்.

மீன் சாப்பிடலாமோ என்ற கேள்விக்கு அந்த நாட்களில் நாங்கள் சொன்ன பதில் சாதாரணமானது. மணி மீனின் குடலிலும் செவுளிலும் நிற்கும், தசைக்குள் போகாது. குடலை எடுத்துக் கழுவிச் சமைக்கும் மீனை உண்ணலாம். தடைசெய்த கரையில் பிடித்ததை வாங்க வேண்டாம். நெத்தலியின் தலையையும் வயிற்றையும் கிள்ளி எடுத்துவிட்டுச் சமைக்கும் பழைய பழக்கத்தை விட்டவர்கள் மீண்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றோம். இன்றைக்கும் அதையே சொல்வோம்.

நேரமாகிவிட்டது என்று தலைவி அவர்கள் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். திமிங்கிலங்களைப் பற்றி ஒரு நிமிடம். தெற்கே தெவிநுவரைக்கு அப்பால் நீலத்திமிங்கிலங்கள் இரைதேடும் இடத்தினூடாகவே உலகின் மிக நெரிசலான கப்பல் பாதை ஒன்று போகிறது. மோதி இறக்கின்றன. பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் ஆபத்து 95 வீதம் குறையும் என்று, றுகுணுப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது.

கடைசியாக இரண்டு விடயம். நாங்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி ஆங்கில ஆய்வேடுகளில் கிடக்கிறது. தமிழில் ஒரு பக்கத் தாளாக, கர்ப்பிணிகளுக்கு எந்த மீன், எவ்வளவு, எதைத் தவிர்ப்பது என்று மீனின் பெயரைச் சந்தையில் சொல்லும் பெயரிலேயே எழுதித் தருகிறோம். சூடைக்கு மன்னாரில் ஒரு பெயர், மட்டக்களப்பில் ஒரு பெயர் இருக்கலாம். உங்கள் ஊர்ப் பெயர்களை எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். வெளிநாட்டுக் கிளைகள் அங்கு விற்கும் பொதிகளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படம் எடுத்துச் செயலாளருக்கு அனுப்புங்கள். மற்றது, உயர்தர உயிரியல் மாணவியரைக் காக்கைத்தீவுக்கு ஒரு நாள் அழைத்துப் போக அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். எங்கள் காலத்தில் கல்லூரி ஆய்வுகூடத்தில் கடலைக் கண்டது ஃபோமலின் போத்தலில் மஞ்சளாகிப்போன ஒரு சுறாக்குட்டியில் மட்டும்தான். பஸ் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. கூடப் போக விரும்பும் பழைய மாணவியருக்கு ஆறு இருக்கைகள் உண்டு.

வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரரும் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள். கேள்விகள் இருந்தால் தேநீருக்குப் பிறகு நால்வரும் இங்கேயே இருப்போம்.